சூப்பர்வைசருக்கும் வார விடுமுறை உண்டு

வாசகர் கேள்வி:

கோவையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் 9 வருடமாக வேலை பார்க்கிறேன். சேலைப் பிரிவில் சேல்ஸ்மேனாகச் சேர்ந்து, இப்போது அந்தத் தளத்துக்கு சூப்பர்வைசர். சம்பளம் 27,000 ரூபாய். காலை 9.15-க்குள் கடையில் இருக்க வேண்டும், இரவு 9.30-க்குத்தான் கிளம்ப முடியும். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி, டீக்கு இரண்டு வேளையும் சேர்த்துக் கால் மணி. செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு என்று பெயர். ஆனால் மாதத்தில் இரண்டு செவ்வாய் சரக்கு வருகிறது என்று அரை நாள் கூப்பிடுவார்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி சமயத்தில் அந்த லீவும் கிடையாது. வீட்டுக்குப் போன பிறகும் வாட்ஸ்அப்பில் ஸ்டாக் கணக்கு கேட்பார்கள். ஓவர்டைம் காசு இதுவரை வாங்கியதில்லை. கேட்டால், "நீங்க சூப்பர்வைசருங்க, உங்களுக்கென்ன நேரக் கணக்கு? பெரிய பெரிய ஆளுங்களே வாரம் 70 மணி நேரம், 90 மணி நேரம் உழைக்கணும்னு சொல்றாங்க" என்கிறார் முதலாளி. மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நான் வரும்போது தூங்கிவிடுகிறாள். என் மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. "ஞாயித்துக்கிழமையாச்சும் நீங்க எங்களுக்கு இருக்கக் கூடாதா? வேலையை விட்டுடுங்க" என்கிறார். வீட்டுக் கடன் தவணை இருக்கிறது. வேலையையும் குடும்பத்தையும் சமாளிக்க ஏதாவது டைம் மேனேஜ்மென்ட் வழி சொல்வீர்களா? முதலாளி சொல்வது சரியா?

தொழிலாளர் சட்ட வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதலாளி சொல்வது சரியில்லை. அது தெளிவானால் டைம் மேனேஜ்மென்ட் பற்றிய கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

நீங்கள் சொன்ன நேரங்களை வைத்துக் கூட்டிப் பார்த்தேன். 9.15 முதல் 9.30 வரை பன்னிரண்டே கால் மணி நேரம். இடைவேளை முக்கால் மணியைக் கழித்தால் உழைப்பது பதினொன்றரை மணி நேரம். ஆறு நாளுக்கு 69. அந்த அரைநாள் செவ்வாய்களையும் சராசரியாகச் சேர்த்தால் வாரத்துக்கு 71 மணிக்கு மேல் போகிறது. ஒரு வாரத்தில் இருப்பதே 168 மணி நேரம். தினம் ஏழு மணி நேரத் தூக்கத்துக்கு 49 போய்விடும். கடையில் நீங்கள் இருப்பது இடைவேளையும் சேர்த்து 76. வீட்டிலிருந்து கடைக்குப் போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்று வைத்தால் இன்னொரு 9. மிச்சம் 34 மணி நேரம். குளிப்பது, சாப்பிடுவது, கேஸ் புக் செய்வது, பேங்குக்குப் போவது எல்லாம் அதற்குள்தான். அதிலும் பெரும்பகுதி உங்கள் மகள் தூங்கும் நேரத்திலோ பள்ளியில் இருக்கும் நேரத்திலோ வருகிறது. விடுமுறைச் செவ்வாயன்றுகூட அவள் பள்ளிக்குப் போய்விடுகிறாள். நீங்கள் எவ்வளவு சாமர்த்தியமாகத் திட்டமிட்டாலும் இல்லாத நேரத்தைப் பங்கு போட முடியாது. ஆகவே, உங்களுக்குத் திறமை போதவில்லை என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். சரிசெய்ய வேண்டியது கடையின் நேர அட்டவணை.

இனி சட்டம். உங்கள் கடைக்குப் பொருந்துவது 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது அதன் வரம்பு. ஓவர்டைமும் சேர்த்து நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணிக்கு மேல் போகக் கூடாது. தொடர்ந்து 4 மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு மணி நேர இடைவேளை கொடுக்க வேண்டும், அரை மணி போதாது. இடைவேளைகளையும் சேர்த்து, காலையில் உள்ளே நுழைவதிலிருந்து இரவில் வெளியே போவது வரை மொத்தம் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு அதுவும் கால் மணி தாண்டுகிறது. வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை கட்டாயம், அதற்காகச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும் என்கிறது 31-ஆம் பிரிவு.

சம்பளத்தை வழக்கமாக 26 நாளால் வகுப்பார்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை ஏறக்குறைய 130 ரூபாய். இரட்டிப்பாக 260. ஆறு நாள் கணக்கில் மட்டும் வாரத்துக்கு 21 மணி நேரம் கூடுதலாக உழைக்கிறீர்கள். மாதத்துக்கு 23,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. கிட்டத்தட்ட இன்னொரு ஆளின் சம்பளம். ஒரு ஆள் செய்ய வேண்டிய வேலையையும் அதற்கு மேல் பாதி ஆள் வேலையையும் நீங்கள் ஒருவரே செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் இந்த எண் காட்டுகிறது. முதலாளியிடம் பேசப் போகும்போது இது மனதில் இருக்கட்டும்.

"சூப்பர்வைசருக்கு நேரக் கணக்கு கிடையாது" என்ற பேச்சுக்கு வருகிறேன். இதை நான் அடிக்கடி கேட்கிறேன். ஜவுளிக்கடை, நகைக்கடை, சூப்பர் மார்க்கெட் எங்கும் இதே வசனம்தான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் யார் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறார் என்பதை அடையாள அட்டையில் உள்ள பட்டம் தீர்மானிக்காது. என்ன வேலை செய்கிறார், என்ன அதிகாரம் அவரிடம் இருக்கிறது என்றுதான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. ஆள் சேர்க்க, நீக்க உங்களால் முடியுமா? யாருக்காவது லீவு போட்டுக் கொடுக்க முடியுமா? தள்ளுபடி எவ்வளவு என்று முடிவு செய்ய முடியுமா? செக்கில் கையெழுத்துப் போடுகிறீர்களா? எல்லாவற்றுக்கும் மேனேஜரிடம் போய் நிற்க வேண்டும் என்றால், யார் எந்த கவுண்டரில் நிற்பது என்று சொல்வதும் பில்லைச் சரிபார்ப்பதும் மட்டும் உங்களை நிர்வாகி ஆக்கிவிடாது. இதில் தகராறு வந்தால் முடிவு சொல்லும் அதிகாரத்தை இந்தச் சட்டமே தொழிலாளர் ஆணையருக்குக் கொடுத்திருக்கிறது. முதலாளி தானாகவே முடிவு செய்துகொள்ள முடியாது.

இதையொட்டி ஒரு எச்சரிக்கை. 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றில் சிலவற்றில், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர் "தொழிலாளி" என்ற வரையறைக்குள் வரமாட்டார். இதைக் காட்டி உங்களுக்கு ஒன்றுமே கிடையாது என்று யாராவது சொல்லலாம். நம்பாதீர்கள். கடைகள் சட்டம் மாநிலச் சட்டம், அந்தத் தொகுப்புகள் அதை நீக்கவில்லை. அதில் சம்பள உச்சவரம்பும் இல்லை. ஊதியச் சட்டத் தொகுப்பும் மேற்பார்வை வேலை செய்பவரை ஊழியர் என்றே சொல்கிறது. சம்பள பாக்கி கேட்க அதில் 3 ஆண்டு அவகாசம் இருக்கிறது.

பெரிய ஆட்கள் சொன்ன 70, 90 பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2023-இல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் 90 என்றார். அவை அவர்களது கருத்து. இந்த நாட்டின் சட்டத்தில் அந்த எண்கள் இல்லை. 48 என்ற எண் யாரோ தாராள மனதோடு கொடுத்ததும் இல்லை. 1918-இல் சென்னை பெரம்பூர் பக்கம் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, சாப்பிடக்கூட நேரம் போதவில்லை என்பது அவர்களது முதல் குறைகளில் ஒன்று. அடுத்த ஆண்டு வாஷிங்டனில் உலகத் தொழிலாளர் மாநாடு வாரம் 48 மணி நேரம் என்று தீர்மானித்தபோது, பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும் 60 என்று தனியாக எழுதினார்கள். அந்த 60 நமக்கு 48 ஆக மேலும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அண்மையில் 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். உங்களைப் போன்றவர்கள் வாயைத் திறந்ததால்தான் அது நின்றது.

உடம்பைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. எனக்கு அந்தக் கவலை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை பார்ப்பவரைவிட 55 மணியோ அதற்கு மேலோ பார்ப்பவருக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். நீங்கள் 71-இல் நிற்கிறீர்கள், அதுவும் பெரும்பாலும் நின்றுகொண்டே. அடுத்த செவ்வாய் காலை, வெறும் வயிற்றில் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள். பிரஷரையும் பார்த்துவிடுங்கள்.

சரி, என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

பணத்தை முதலில் கேட்காதீர்கள். இது என் உறுதியான கருத்து. ஓவர்டைம் பாக்கி என்று தொடங்கினால் முதலாளி காதில் விழுவது லட்சக் கணக்கில் ஒரு கடன்தான், பேச்சு அங்கேயே முறிந்துவிடும். பணம் கொடுத்து உங்களைச் சரிக்கட்டினாலும் உங்கள் மகளுக்கு ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. முதலில் கேட்க வேண்டியது யாரும் தொட முடியாத ஒரு முழு வார விடுமுறை. அதில் மாதத்தில் ஒன்றாவது ஞாயிறாக இருக்கட்டும். ஜவுளிக்கடையில் ஞாயிறு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். நான்கு ஞாயிறும் கேட்டால் கிடைக்காது. தளத்துக்கு ஒருவர் வீதம் முறை வைத்து மாதம் ஒரு ஞாயிறு என்றால் கடை நின்றுபோகாது.

இரண்டாவது, கிளம்பும் நேரம். இதை வெறும் கோரிக்கையாகக் கொண்டுபோகாமல் ஒரு அட்டவணையாகக் கொண்டுபோங்கள். உங்கள் தளத்தில் அனுபவமுள்ள சீனியர் சேல்ஸ்மேன் ஒருவராவது இருப்பார். அவரை உதவி சூப்பர்வைசராகப் பழக்கலாம். ஒருவர் 9.15-க்கு வந்து 6.15-க்குக் கிளம்பட்டும், இன்னொருவர் 12.30-க்கு வந்து 9.30-க்குக் கிளம்பட்டும். ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை போக இருவருக்கும் சரியாக 8 மணி நேரம். மதியம் முதல் மாலை வரை இருவரும் இருப்பார்கள். சனி, ஞாயிறு கூட்டத்துக்கு முன்னவர் இரண்டு மணி நேரம் கூடுதலாக நிற்கலாம், அதற்கு ஓவர்டைம் போடட்டும். வாரத்துக்கு ஒருவர் முறை மாறினால், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நீங்கள் ஏழு மணிக்கு வீட்டில் இருப்பீர்கள். முதலாளிகள் பயப்படுவது தளத்தில் ஆள் இல்லாமல் போய்விடுமோ என்றுதான். ஆள் இருப்பார் என்று தாளில் காட்டினால் பாதிப் பேர் இறங்கி வருகிறார்கள்.

இங்கே ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். உங்கள் தளத்தில் உங்களுக்குக் கீழே வேலை செய்யும் பெண்களும் பையன்களும் அதே பன்னிரண்டு மணி நேரம்தான் நிற்கிறார்கள். அவர்கள் வருகையைக் குறிப்பதும், "கடை மூடும் வரைக்கும் நில்லுங்க" என்று சொல்வதும் நீங்கள்தான். உங்களுக்கு மட்டும் கேட்டு வாங்கினால் அந்தச் சுமை அவர்கள் தலையில்தான் இறங்கும். தளத்துக்கே சேர்த்துக் கேளுங்கள். கூட்டாகக் கேட்பவரைத் தனியாகக் குறிவைப்பது கடினம் என்பதால் உங்களுக்கும் அது பாதுகாப்பு. அதற்கு முன்பே, யார் அனுமதிக்கும் காத்திருக்காமல், உங்கள் கையில் இருக்கும் ஒன்றைச் செய்துவிடலாம். 2021-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்கள் வேலைக்கு நடுவே உட்கார இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். கேரளம் அதற்கு முன்பே கொண்டுவந்தது. உங்கள் தளத்தில் ஸ்டூல் இருக்கிறதா, இருந்தால் அதில் உட்காருபவரை யாரும் முறைக்காமல் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

எழுத்தில் கேளுங்கள். அதற்கு முன் ஒரு மாதம், வந்த நேரம், கிளம்பிய நேரம், இரவில் வந்த வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதிவாரியாகக் குறித்துவையுங்கள். செய்திகளை அழிக்காதீர்கள். கைரேகை வைக்கும் மிஷின் இருந்தால் அந்தப் பதிவு கடையிடம் இருக்கும், உங்களிடமும் ஒரு கணக்கு வேண்டும். கடிதம் சின்னதாக இருக்கட்டும். இப்படி எழுதலாம்:

"ஐயா, நான் 9 ஆண்டுகளாக நம் கடையில் பணிபுரிகிறேன். தற்போது தினமும் காலை 9.15 முதல் இரவு 9.30 வரை பணியில் இருக்கிறேன். என் வார விடுமுறையன்று பணிக்கு அழைக்காமல் இருக்கவும், மாதம் ஒரு ஞாயிறு முறை விடுமுறை தரவும், தளத்தில் இரண்டு நேர முறையைக் கொண்டுவரவும் கேட்டுக்கொள்கிறேன். இதற்கான அட்டவணையை இணைத்துள்ளேன். விற்பனை பாதிக்காமல் நடத்த நான் பொறுப்பேற்கிறேன்."

சட்டத்தின் பெயர்கூட இதில் வேண்டாம். முதல் கடிதத்தில் பிரிவு எண்களை எழுதினால் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். பதில் வரவில்லை என்றால் இரண்டாவது கடிதத்தில் சட்டத்தைச் சொல்லலாம். அப்போதும் அசையவில்லை என்றால் தொழிலாளர் துறை உதவி ஆய்வரிடம் புகார் கொடுக்கலாம். பெயரை வெளியிட வேண்டாம் என்று எழுதிக் கேட்கலாம். ஆனாலும் யார் கொடுத்திருப்பார் என்று கடையில் ஊகித்துவிடுவார்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களா? 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது கடைகள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு. நீக்கினால் தொழிலாளர் துறையிலேயே மேல்முறையீடு செய்யலாம், தாமதிக்காமல் செய்ய வேண்டும். நடைமுறையில் நான் அதிகம் பார்ப்பது நீக்கத்தை அல்ல, இடமாற்றத்தை. வேறு கிளைக்கு, குடோனுக்கு, நைட் ஸ்டாக் எடுக்க என்று மாற்றுவார்கள். அப்படி நடந்தால் கோபத்தில் ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள். அவர்கள் எதிர்பார்ப்பது அதைத்தான். எதிர்ப்பை எழுத்தில் தெரிவித்துவிட்டு வேலைக்குப் போங்கள், அப்புறம் ஒரு வழக்கறிஞரையோ தொழிற்சங்கத்தையோ பாருங்கள்.

லீவுகளையும் எண்ணிப் பாருங்கள். ஓராண்டு முடித்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு. நோய் விடுப்பு 12, தற்செயல் விடுப்பு 12 வரை. 1958-ஆம் ஆண்டின் விடுமுறைகள் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் பண்டிகை நாட்கள் ஐந்தும் தனி. அந்த நாட்களில் வேலை பார்த்தால் இரட்டிப்புச் சம்பளம், இல்லாவிட்டால் சம்பளமும் மாற்று விடுமுறையும். ஆடிக்கும் தீபாவளிக்கும் கடையை விட்டு நகர முடியாது என்பது உங்கள் தொழிலின் நிலைமை. ஆனால் மே மாதப் பள்ளி விடுமுறையில் பத்து நாள் எடுக்க முடியும். இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மனைவி சொல்வதற்கு வருகிறேன். அவர் வேலையை விடச் சொல்வது அலுப்பில் என்று நினைத்துவிடாதீர்கள். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். உங்கள் வீட்டில் அந்த 97-உம் இருக்க வழியில்லை. பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்து, சமைத்து, மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்து, மறுநாளைக்கு எடுத்துவைப்பதெல்லாம் அவர் ஒருவரே. உங்கள் ஓவர்டைமில் ஒரு பங்கை அவரும்தான் உழைக்கிறார். அதனால் விடுமுறை கிடைக்கும் முதல் நாளைத் தூங்கிக் கழித்துவிடாதீர்கள். அன்றைக்கு எந்தெந்த வேலை உங்களுடையது என்று இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். இந்தக் கடிதத்தை அவரும் படிக்கட்டும். முதலாளிக்கு எழுதும் கடிதத்தை அவரையே எழுதச் சொல்லலாம், ஆசிரியை என்பதால் உங்களைவிடத் தெளிவாக எழுதுவார்.

வேலையை விடுவதானாலும் கைக்கு வேறு வேலை வந்த பிறகு விடுங்கள். தேடத் தொடங்குவதில் தப்பில்லை, இன்றைக்கே தொடங்கலாம். நேர்காணலில் சம்பளத்துக்கு முன்னால் வேலை நேரத்தையும் வார விடுமுறையையும் கேளுங்கள். வேலை நியமனக் கடிதத்தில் அது எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விலகும்போது வர வேண்டிய பணிக்கொடையை விட்டுவிடாதீர்கள். 5 ஆண்டு முடித்தாலே அது உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பிறகு சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அந்தத் தொகை 18,000 என்று வைத்தால் 9 ஆண்டுக்கு 93,000 ரூபாய்க்கு மேல் வரும். பி.எஃப். கணக்கில் மாதாமாதம் பணம் விழுந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. கடிதத்தைக் கொடுக்கும்போது நகல் ஒன்றில் தேதியோடு கையெழுத்தோ கடை முத்திரையோ வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை அந்த நோட்டிலேயே ஒட்டிவையுங்கள். பதிலுக்கு 15 நாள் கொடுங்கள். என்ன பதில் வந்தாலும், வராவிட்டாலும், நோட்டையும் கடித நகலையும் எடுத்துக்கொண்டு இரண்டாவது கடிதம் எழுதும் முன் ஒரு முறை என்னிடமோ உங்கள் ஊரில் தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வேறொருவரிடமோ காட்டிவிடுங்கள்.